பழைய மகிழுந்து ஆர்வலர்களின் நன்னடத்தையும் நம்பகமும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழைய மகிழுந்து ஆர்வலர்களின் நடத்தை நெறிகள் வெறும் மரியாதை சார்ந்தவை அல்ல. ஆவணங்கள் காட்டாத உண்மையை வெளிக்கொணரும் வழிமுறைகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி இந்திய மகிழுந்து உற்பத்தியின் முதன்மை மையங்களுள் ஒன்றாகும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் உருவாகும் வண்டியின் முக்கிய உறுப்புகள் எண்ணிடப்பட்டுக் கணினியில் பதிவாகின்றன. அரை நூற்றாண்டு கடந்த வண்டிக்கு அத்தகைய பதிவு இல்லை. அதன் வரலாற்றின் பெரும்பகுதி உரிமையாளர், மெக்கானிக் ஆகியோரின் நினைவிலேயே தங்கியுள்ளது.

ஹெரால்டின் அமைப்பும் அடையாளச் சிக்கலும்

ஒரகடத்தைச் சாலைவழி இணைக்கும் வண்டலூரின் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இயங்கிவந்தது. 1961 முதல் அங்கு ஹெரால்டு உருவாக்கப்பட்டது. 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் மகிழுந்து உற்பத்தி நின்றது. அதன்பின் ஒரு வண்டியைச் சீர்செய்ய மற்றொன்றின் பாகங்களையே நாடவேண்டியதாயிற்று. ஹெரால்டின் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் தனியானது. உடற்தகடுகள் அதன்மீது போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. இதனால் பழுதுபார்ப்பது எளிது. இரண்டு வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, அதனை ‘அசல்’ என விற்பதும் எளிது. வண்ணம் பூசியபின் வேறுபாட்டைக் கண்டறிவது கடினம்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத இந்நிலையைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்துச் சந்தையைக் கொண்டே விளக்கினார். தரத்தை அறிய இயலாதபோது வாங்குபவர் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். சந்தையில் பழுதானவையே எஞ்சும் என்பது அவர் கருத்து.

நன்னடத்தை நெறிகள்

ஆர்வலர் குழுக்களில் வழங்கும் நெறிகள் இந்நிலையைத் தடுக்க உதவுகின்றன. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

1. துரு, விபத்து, மாற்றிய எஞ்சின் ஆகியவற்றைக் கேட்கும் முன்பே விற்பவர் கூறுதல்.
2. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க இடமளித்தல்.
3. ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கையில் மற்றவர் குறுக்கிடாதிருத்தல்.
4. கடனாகப் பெற்ற பாகத்தையும் கருவியையும் குறித்த நாளில் திருப்பித் தருதல்.
5. உரிமையாளரின் இசைவின்றி வண்டியைத் தொடாதிருத்தலும், அது நிற்கும் இடத்தைப் பிறருக்குக் கூறாதிருத்தலும்.

முதலிரண்டும் வாங்குபவரைக் காக்கின்றன. இறுதியது உரிமையாளரைக் காக்கிறது. ஒரு தரப்பை மட்டும் காக்கும் நெறி நிலைக்காது. நெறி மீறியவருக்குப் பாகமும் தகவலும் கிடைப்பது அரிதாகும் என்பதே இங்குள்ள தண்டனை.

சட்டமும் வாய்ச்சொல்லும்

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவில் பேணப்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாக ஏற்கின்றன. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இருத்தல் கூடாது. புதிய பதிவுக்கு ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000 கட்டணம். பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். எனவே, விற்பவர் மறைத்த ஒரு மாற்றம் வாங்கியவரின் பதிவு உரிமையையே பாதிக்கக்கூடும். முன்னர் நாகரிகமாக மட்டும் கருதப்பட்ட வெளிப்படைத்தன்மை இன்று சட்டப் பயனும் உடையதாகிறது.

ஐயமும் தெளிவும்

மிகையான ஐயமும் தீங்கு தரும். வண்டியைக் காட்டுபவரையெல்லாம் ஏமாற்றுக்காரராகக் கருதினால் உரிமையாளர்கள் ஒதுங்குவர். அவர்களுடன் பழுதுநீக்கும் அறிவும் மறையும். ஆராயாது நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒருசேரக் கடியும் திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் அரசனுக்குக் கூறப்பட்டதாயினும் இங்கும் பொருந்துகிறது. எண்ணைச் சரிபார்க்கக் கேட்பது அவமதிப்பன்று. சரிபார்த்தபின் பழி கூறுவதே அவமதிப்பு.

முடிவுரை

ஆலை மூடப்பட்டபின் ஹெரால்டுக்கு உத்தரவாதம் அளிக்க நிறுவனம் இல்லை. அவ்விடத்தை நிரப்புவது ஆர்வலர்களின் சொல்லே. அச்சொல் பொய்த்தால் ஒருவரின் பணம் மட்டுமன்றி, தமிழகத் தொழில் வரலாற்றின் ஒரு சான்றும் பிழைபடும். வண்டியில் செய்த மாற்றங்களை நாளுடன் எழுதிவைத்து அடுத்த உரிமையாளரிடம் ஒப்படைப்பது நம்பகத்தை நினைவிலிருந்து ஆவணத்திற்குக் கொண்டுவரும் எளிய வழியாகும்.