அலுமினிய உலையும் ஒரு கரண்டித் தண்ணீரும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவிற்கு ஒரு தள்ளுவண்டிக்காரர் வருவார். பழைய இரும்பு, பித்தளை, அலுமினியத்துக்குப் பேரீச்சம்பழம் என்று அவர் கூவும் குரல் கேட்டதும், அடுப்படியில் ஒடுங்கிக் கிடக்கும் ஓட்டைத் தூக்குவாளியைத் தேடி ஓடுவோம். பழம் தின்று தீர்ந்ததும் தூக்குவாளியின் கதையும் தீர்ந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதன் மறுபிறவி எங்கே, யார் கையில் நிகழ்கிறது என்பதைச் சென்ற ஆடி மாதத்தில்தான் கண்டேன். கண்ட இடம் தாராவி. நம் மாணவர் விடுதியிலிருந்து இரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம்.

அழைத்துப் போனவர் நம் சங்கத்துப் பொங்கல் விழாவிற்கு இட்லி கொண்டுவரும் அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நான் உலோகவியல் படிக்கிறேன் என்று எப்போதோ அவரிடம் சொன்னது வினையாயிற்று.

“தம்பி, நீங்க புஸ்தகத்துல படிக்கிறத எங்க சந்துக்குப் பின்னால தெனமும் காய்ச்சுறாங்க. ஒரு நாள் வந்து பாருங்க,” என்றார். போனேன்.

இருவர் எதிரெதிரே நடக்க முடியாத சந்து. அதன் கடைசியில் தகரக் கூரையிட்ட ஒரு பட்டறை. தரையில் தோண்டிய குழியே உலை. உள்ளே செங்கல் பதித்து, நடுவில் ஒரு மூசை வைத்து, பக்கவாட்டில் மின்சாரக் காற்றூதியைப் பொருத்தியிருந்தார்கள். எரிபொருள் கழிவு எண்ணெய். ஒரு மூலையில் குளிர்பானக் குவளைகளும் நெளிந்த பாத்திரங்களும் மோட்டார் வண்டியின் உடைந்த உறுப்புகளும் குவிந்து கிடந்தன. அவற்றை உருக்கிப் பாளங்களாக வார்த்து வார்ப்படச் சாலைகளுக்கு விற்கிறார்கள். வேலை செய்வோர் ஆறு பேர். எல்லோரும் பீகாரிலிருந்து வந்தவர்கள். காலில் ரப்பர்ச் செருப்பு, முகத்தில் சுற்றிய துண்டு. தற்காப்பு அவ்வளவே.

இத்தொழிலைப் புகழ்ந்து பேசுவோர் ஒரு கணக்கைத் தவறாமல் கூறுவர். தாதுப்பொருளிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தால் பழையதை உருக்கிவிடலாம் என்பது அது. கணக்கு மெய்தான். புது அலுமினியம் ஒரு டன் பிரித்தெடுக்கப் பதின்மூவாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பழையதற்கோ 660 பாகை வெப்பத்தைத் தாண்டச் செய்தால் போதும். மிச்சமாகும் தொண்ணூற்றைந்தைப் பற்றி நாமும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். எஞ்சிய ஐந்தை யார் அருகில் நின்று செலவிடுகிறார் என்ற வினா எந்தத் தேர்விலும் வந்ததில்லை.

பட்டறையின் மூத்த தொழிலாளியின் வலக்கை முழங்கைவரை வெந்து ஆறியிருந்தது. இரண்டு மழைக்காலத்திற்கு முன் நிகழ்ந்ததாம். அவர் இந்தியில் சொல்ல, அண்ணாச்சி எனக்கு விளக்கினார். நசுக்கிக் கட்டிய குவளைக் கட்டு ஒன்றை மூசைக்குள் போட்டிருக்கிறார். போட்ட நொடியில் வெடி வெடித்தாற்போல் ஓசை. மூசையில் இருந்த உலோகத்தில் பாதி கூரையில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். “உள்ளே யாரோ பட்டாசு வைத்திருந்தார்கள்” என்பது அவர் முடிவு. இன்றைக்கும் அப்படியே நம்புகிறார்.

பட்டாசு அன்று, தண்ணீர். நசுங்கிய குவளையின் மடிப்பில் தங்கிய மழைநீரோ, யாரோ மிச்சம் வைத்த குளிர்பானமோ போதும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு பருக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் எட்டு லிட்டர் நீராவியாகும். அது உலோகத்தின் அடியில் அகப்பட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் விரியுமானால், மேலே உள்ளதைத் தூக்கி எறிவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. இத்துடனும் நிற்பதில்லை. சிதறிய அலுமினியத் துளிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளிவிடும். அப்போது பெருவெப்பமும் பிறக்கும். வெடிப்பு முற்றினால் பட்டறையே மிஞ்சாது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. நான் நின்றுகொண்டிருந்தபோதே கூரையின் ஓட்டை வழியாக மழைத்துளி ஒன்று உருகிய உலோகத்தின்மீது விழுந்தது. நான் பதறிப் பின்வாங்கினேன். துளியோ சூடேறிய தோசைக்கல்லில் தெளித்த நீர்போல் உருண்டு ஆடி மறைந்துவிட்டது. தொழிலாளர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலே விழும் சிறு துளி பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடுவதால், தண்ணீருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று அவர்கள் கண்ணே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. கொல்லும் தண்ணீர் அடியில் அகப்படும் தண்ணீர். குவளை மடிப்பில் இருப்பது அது. குளிர்ந்த கரண்டியின்மேல் படிந்த ஈரமும், இரவெல்லாம் மழைக்காற்றில் கிடந்த பாள அச்சின் கசிவும் அதுவே. சிமெண்டுத் தரைகூடத் தன்னுள் நீரை வைத்திருக்கிறது. உலோகம் சிந்தினால் அந்தத் தரை படீரென்று தெறிக்கும். சிந்தும் இடத்தில் உலர்ந்த மணல் பரப்பியிருப்பது அதனால்தான் நல்லது.

இன்னொரு வஞ்சகம் நிறத்தில் உள்ளது. இரும்பை 700 பாகைக்குச் சூடாக்கினால் அது சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அவ்வாறு எச்சரிப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் அது கண்ணாடிபோல் வெள்ளியொளி வீசிக்கொண்டு சாதுவாக நிற்கும். அச்சிலிருந்து எடுத்த பாளம் சூடானதா குளிர்ந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது. புதிதாக வருகிற பையன்கள் அனைவரும் ஒருமுறையாவது தொட்டு அறிகிறார்களாம்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவளையின் மேல் அச்சிட்ட வண்ணமும் உள்ளே பூசிய மெழுக்கும் எரியும்போது கண்ணைக் கரிக்கும் புகை எழுகிறது. குளோரின் கலந்த பூச்சு இருந்தால் டையாக்சின் போன்ற நச்சுகளும் அதில் பிறக்கின்றன. கசடு பிரிவதற்காகத் தூவும் உப்புகள் தனியே புகைகின்றன. முகத்தில் சுற்றிய துண்டு தூசியைச் சிறிது தடுக்கும். வாயுவையோ நுண்புகையையோ தடுக்காது. ஆயினும் துண்டு கட்டியவனுக்குத் துணிவு வந்துவிடுகிறது. அதுவும் ஒருவகைத் தீங்கு என்றே எனக்குப் பட்டது.

மேலே மிதக்கும் கசடை வாரிச் சந்தில் கொட்டுகிறார்கள். அதில் அலுமினியம் நைட்ரைடு என்னும் கூட்டுப்பொருள் உண்டு. மழை பட்டதும் அது அம்மோனியாவாகிறது. “மழை வந்தா இந்தச் சந்துல ஒரு மூத்திர வாடை வரும் தம்பி. ஆம்பளைங்கதான் காரணம்னு இத்தனை நாளா திட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றார் அண்ணாச்சி. அவருடைய ஐயத்தை முழுவதும் போக்கினேன் என்று சொல்லமாட்டேன், இரண்டும் இருக்கலாம்.

சட்டம் என்ன செய்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேரும் இல்லாத இடத்தில் இருபது பேரும் வேலை செய்தால் அதைத் தொழிற்சாலை என்றது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அவ்வெண்களை இருபதும் நாற்பதுமாக உயர்த்திவிட்டது. ஆறு பேர் கொண்ட பட்டறை அன்றும் வெளியே, இன்றும் வெளியே. அபாயகரமான தொழில் என்று அரசு அறிவிக்குமானால் ஆள் எண்ணிக்கை குறைந்த இடத்தையும் சட்டத்திற்குள் கொண்டுவர வழி இருக்கிறது. ஆனால் அறிவிப்பு தானாக வராது. சட்டம் தலையை எண்ணுகிறது. மூசைக்கு எண்ணத் தெரியாது. ஆறு பேர் நின்றாலும் அறுநூறு பேர் நின்றாலும் அதன் வெப்பம் ஒன்றே. கை வெந்த அந்தப் பெரியவர் அரசினர் மருத்துவமனையில் மூன்று வாரம் படுத்திருந்தார். அந்த மூன்று வாரமும் கூலி இல்லை.

முதலாளியும் அங்கேதான் இருந்தார். அரக்கரல்லர், அவரும் ஒரு காலத்தில் கரண்டி பிடித்தவர். காலுறையும் முகக் கவசமும் வாங்கிக் கொடுத்தால் இவர்கள் போடுவதில்லை என்றார். அந்த வெக்கையில் அரை மணி நேரம் நின்றபின், போடாததற்குக் காரணம் எனக்கு விளங்கியது. நிறையைக் கொண்டு கூலி பெறுபவன் தன் கையைக் கட்டிப்போடும் எதையும் விரும்பான். ஆகவே கவசத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசினேன்.

பழஞ்சாமான் எடைபோட்டு வாங்கப்படுகிறது. ஈரமாக வாங்கினால் தண்ணீருக்கும் அலுமினிய விலை கொடுக்கிறோம். அழுக்கோடும் ஈரத்தோடும் போட்டால் கசடு மிகும், பாளம் குறையும். இதைச் சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த சரக்கைக் கூரைக்குக் கீழே வைப்பது, உலையின் விளிம்பிலேயே பரப்பி உலர்த்திப் பிறகு உள்ளே தள்ளுவது, கரண்டியையும் அச்சையும் முதலில் சூடாக்கிக்கொள்வது, இறுகக் கட்டி வந்த குவளைக் கட்டைப் பிரித்துப் போடுவது, ஒரு வாளி உலர்ந்த மணலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது ஆகிய யாவற்றிற்கும் ஆகும் பணம் மிகச் சிறிது. தீப்பிடித்தால் தண்ணீரை எடுத்து ஊற்றும் கையைத் தடுப்பதுதான் கடினம். அந்தக் கை பிறவியிலேயே பழகியது. பாலியெஸ்டர்ச் சட்டை உருகித் தோலில் ஒட்டும், பருத்தி ஒட்டாது என்பதையும் சொன்னேன். “பருத்திதான் விலை கூட,” என்றார் ஒரு பையன். பதில் சொல்ல இயலவில்லை.

அலுமினியப் பாத்திரத் தொழில் நம் நாட்டில் வேரூன்றியதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைத் தொடங்கிவைத்தார். ஒரு கல்விக்கூடம் ஒரு தொழிலுக்குக் கைகொடுத்த கதை அது. மாறான கதையும் ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பயனின்றிக் கிடந்த கருவியொன்றைப் பழஞ்சாமானாக ஏலம் விட்டது. மாயாபுரிச் சந்தையில் அதைப் பிரித்தபோது உள்ளே கோபால்ட் 60 இருந்தது. கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். வேறு பலர் நோயுற்றனர். அவர்களுக்கு உலோகத்தைத் தெரியும். பெட்டிக்குள் இருப்பது தெரியாது. தெரிந்தவர்கள் இருந்த இடத்திலிருந்தே அது வந்தது.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் நான் முதலில் போய்ப் பார்த்தது நம் மாடிப்படிக்குக் கீழிருக்கும் குப்பைத் தொட்டியை. குளிர்பானக் குவளைகள் இருபத்தேழு எண்ணினேன். பாதிக்குமேல் காலால் மிதித்துத் தட்டையாக்கியவை. நாம் அதை ஒரு விளையாட்டாகவே செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். கையிலெடுத்துக் குலுக்கினால் சிலவற்றுள் நீர் சலசலத்தது. வாசனைத் திரவியம் தெளிக்கும் குப்பிகள் நான்கு, ஒன்றில் பாதி மிச்சமிருந்தது. அது நேரே மூசைக்குள் போனால் வெடிப்பதற்குத் தண்ணீரும் தேவையில்லை.

அதன்பின் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு கம்பிக் கூடையை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். குடித்த குவளையை நசுக்காமல், வாய் கீழாக அதில் கவிழ்க்க வேண்டும். தெளிப்புக் குப்பிகளுக்குத் தனிப் பெட்டி. அவற்றைத் துளையிட வேண்டாம், முற்றும் தீர்ந்த பிறகே போடுங்கள். எழுதி ஒட்டிய தாளை இருமுறை யாரோ கிழித்தார்கள்; மூன்றாவது தாள் இன்னும் இருக்கிறது.

சென்ற வாரம் நம் விடுதிக் காவலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். பழஞ்சாமான் விற்ற காசில் அவருக்குத் தேநீர்ச் செலவு ஓடுவது வழக்கம். கூடை வைத்ததிலிருந்து அதே எண்ணிக்கைக் குவளைக்கு எடை குறைகிறதாம். நடுவில் யார் திருடுகிறார் என்று கேட்டார்.