லைன் போதாத வீட்டுக்கு பற்றரி கைகொடுக்குமா?

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோது இன்வேட்டர் என்ற சொல் எங்கள் ஊர்களிலும் பழகிப்போனது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வேறொரு சிக்கலும் உண்டு. கரண்ட் இருக்கும், போதாது.

2007 இடப்பெயர்வுக்குப் பின் படுவான்கரைக்குத் திரும்பியவர்களில் பலர் முதலில் வீட்டைக் கட்டினார்கள். கடை, கிணற்று மோட்டர், ஐஸ் பக்கற் விற்கும் பிரிட்ஜ் எல்லாம் பிறகு வந்தவை. வீட்டு வயரிலிருந்தே அவற்றுக்கும் கரண்ட் நீண்டது. 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 100 மீற்றர் தூரம் கொண்டுபோனால், மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் 15 அம்பியருக்கு சுமார் 54 வோல்ற் வழியிலேயே இழக்கப்படும். 230 வோல்ற் 176 ஆகிவிடும். மோட்டர் முனகும், சுருள் கருகும்.

இங்கே பற்றரி உதவும். ஆனால் எல்லா இன்வேட்டரும் அல்ல. சாதாரண இன்வேட்டர் கரண்ட் நின்றால்தான் பற்றரிக்கு மாறும். லைனோடு சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் வகை வேறு. லைனில் 4 அம்பியருக்கு மேல் எடுக்காதே என்று அதில் அளவு வைக்கலாம். அதாவது சுமார் 920 வோற். அதற்கு மேல் தேவைப்படுவதைப் பற்றரி கொடுக்கும். சுமை குறைந்ததும் லைன் பற்றரியைத் திரும்ப நிரப்பும்.

பற்றரி கரண்டை உண்டாக்குவதில்லை, கடன்தான் கொடுக்கிறது. 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியை மட்டும் பாவித்தால் 600 வோற்-மணி, அதாவது அரை யூனிற்றுக்குச் சற்றுக் கூட. மோட்டர் கிளம்பும் சில விநாடிகளுக்கு அது தாராளம். பிரிட்ஜை இரவு முழுக்க ஓட்ட நினைத்தால் காணாது.

ஆகவே நுண்கடன் எடுத்து இன்வேட்டர் வாங்குமுன் வயரைப் பாருங்கள். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 14 வோல்ற்தான். அநேகருக்கு அதுவே போதும். வயர் பல வருடம் கிடக்கும். ஈய பற்றரியை மூன்று நான்கு வருடத்தில் மாற்றவேண்டி வரும், உப்புக்காற்றில் அதன் முனைகளும் பூக்கும்.

வாங்கினால், வயரிங் தெரிந்தவரைக் கொண்டே பொருத்துங்கள். இன்வேட்டரின் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெயின் சுவிட்ச் போட்டபடி இருந்தால் அந்தக் கரண்ட் வெளி லைனுக்கும் ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் மின்சார ஊழியர் லைன் செத்துவிட்டது என்று நினைத்தே அதைத் தொடுவார்.