காலையில் எடுத்த கணக்கு
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

கணிப்பொறிக்கு நினைவகம் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நினைவகம் எவ்வளவு என்று யார் கணக்கிடுகிறார்கள், எப்போது கணக்கிடுகிறார்கள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. நானும் எண்ணிப் பார்த்தவள் அல்லள். இவ்வாண்டு நம் கணிப்பொறிக் கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் என்னைச் சிந்திக்க வைத்தது. அதை முதலில் கூறி, பின்னர் காரணத்தை விளக்குகிறேன்.

கூடத்தின் மூலையில் இருக்கும் பழைய கணிப்பொறி மிகவும் மெதுவாக இயங்கி வந்தது. அதில் 2 ஜிகாபைட் நினைவகமே இருந்தது. பெற்றோர் அளித்த நன்கொடையில் இன்னும் 2 ஜிகாபைட் கொண்ட நினைவக அட்டை ஒன்று வாங்கினோம். கடைக்கார அண்ணனே வந்து அதைப் பொருத்திவிட்டுச் சென்றார். மறுநாள் பார்த்தால், கணிப்பொறி பழையபடி 2 ஜிகாபைட் என்றே காட்டியது! “பழுதான அட்டையைக் கொடுத்து நம்மை ஏமாற்றிவிட்டார்” என்று எல்லோர் முன்னிலையிலும் கூறியவள் நான்தான். அந்தச் சொல் கடை வரை போய்ச் சேர்ந்தது.

அவர் ஏமாற்றினாரா? அதை அறிய, கணிப்பொறி விழித்தெழும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் விடுதியை எடுத்துக்கொள்வோம். பள்ளி திறக்கும் நாளில் விடுதிச் சகோதரி என்ன செய்கிறார்? எந்தெந்த அறைகள் உள்ளன என்ற பட்டியலை முதலில் பெற்றுக்கொள்கிறார். பிறகு கட்டில்களை எண்ணி, ஒவ்வொரு கட்டிலுக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறார். அதன் பின்னரே மாணவியருக்கு இடம் கொடுக்கிறார். பதிவேட்டில் இல்லாத கட்டில் மாடியில் கிடந்தாலும் அதில் யாரும் படுக்க முடியாது.

கணிப்பொறியிலும் இதுவே நடக்கிறது. மின்சாரம் வந்தவுடன் பலகையில் உள்ள தொடக்க நிரல், எந்தெந்தப் பகுதியில் நினைவகம் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரிக்கிறது. லினக்ஸ் போன்ற இயங்குதளம் அந்தப் பட்டியலை வாங்கி, நினைவகத்தைப் ‘பக்கங்கள்’ என்னும் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணிப்பொறிகளில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட். அப்படியானால் 4 ஜிகாபைட்டில் 10,48,576 பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இயங்குதளம் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. இந்தப் பக்கம் காலியாக உள்ளதா, எந்த வேலைக்குக் கொடுக்கப்பட்டுள்ளது என்பன அக்குறிப்பிலிருந்து தெரியும். 64 பிட் லினக்ஸில் ஒரு குறிப்பின் அளவு பொதுவாக 64 பைட். ஆகவே, நினைவகத்தில் 64இல் ஒரு பங்கு பதிவேட்டுக்கே போய்விடுகிறது!

இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே குறைத்துச் சொல்லவும் வழி உண்டு. பள்ளி திறக்கும் நாளில் மதர் அவர்கள், “மாடியில் வெள்ளையடிக்கிறார்கள், 40 கட்டில்களை மட்டும் கணக்கில் எடுங்கள்” என்று கூறுவதைப் போன்றது அது. லினக்ஸ் தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரியில் ‘மெம்=2ஜி’ என்று எழுதிவிட்டால், அட்டையில் எவ்வளவு இருந்தாலும் அது 2 ஜிகாபைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. குறைந்த நினைவகத்தில் ஒரு நிரல் எப்படி ஓடும் என்று சோதிக்கவும், நினைவகத்தின் மேற்பகுதியை வேறொரு வேலைக்கு ஒதுக்கவும் இது பயன்படுகிறது.

தொடக்கத்தில் அளவைச் சொல்லிவிடும் இந்த வழக்கம் புதியதன்று. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் பிசி என்னும் கணிப்பொறியில், எவ்வளவு நினைவகம் உள்ளது என்பதைப் பலகையில் இருந்த சின்னஞ்சிறு சுவிட்சுகளைத் தள்ளித்தான் தெரிவிக்க வேண்டும். புதிய அட்டையைச் செருகிவிட்டுச் சுவிட்சை மாற்ற மறந்தால், இயந்திரம் பழைய அளவையே நம்பும்.

சரி, கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தைக் கூட்ட முடியுமா? நம் மேசைக் கணிப்பொறியில் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகே அட்டையைத் தொட வேண்டும். ஆனால், அதற்கென்றே அமைக்கப்பட்ட சில பெரிய சேவைக் கணிப்பொறிகளில் முடியும். ஒரு பெரிய கணிப்பொறிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் ‘மெய்நிகர் கணிப்பொறி’களிலும் முடியும். இது இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் புதிய பக்கங்களுக்குப் பதிவேட்டில் வரிகள் எழுதப்படுகின்றன. அடுத்து, அவை பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்படுகின்றன. முதல் படி முடிந்து இரண்டாவது படி நடக்காவிட்டால், புதுக் கட்டில் பூட்டிய அறையில் இருப்பதற்குச் சமம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1 ஜிகாபைட்டுடன் தொடங்கிய ஒரு மெய்நிகர் கணிப்பொறியில் 64 ஜிகாபைட்டை ஒரேயடியாகச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் குறிப்புகளுக்கு மட்டுமே 1 ஜிகாபைட் வேண்டும். பழைய நினைவகம் முழுவதையும் கொடுத்தாலும் வேறு எதற்கும் இடம் இராது! பதிவேடு வாங்கவே பணம் போதாத விடுதியில் புதுக் கட்டில் எப்படிப் போடுவது? அதனால், சேர்க்கப்படும் நினைவகத்திலேயே அதற்கான குறிப்புகளை எழுதிக்கொள்ளும் வசதி 2021ஆம் ஆண்டில் லினக்ஸில் ஏற்படுத்தப்பட்டது.

இப்போது ஒரு நல்ல கேள்வி எழுகிறது. தொடக்கத்தில் ‘40 கட்டில் போதும்’ என்று மதர் கூறியிருந்தார். ஆண்டின் நடுவில் புதிய கட்டிடத்தில் 20 கட்டில்கள் வந்து இறங்குகின்றன. முன்பு சொன்ன கட்டளை இவற்றுக்கும் பொருந்துமா? லினக்ஸை உருவாக்குவோரிடையிலும் இதே கேள்வி எழுந்தது. 2019ஆம் ஆண்டில் செய்த மாற்றத்தின்படி, ‘மெம்’ என்னும் எல்லை பிற்பாடு சேர்க்கும் நினைவகத்தையும் கட்டுப்படுத்தியது. எல்லைக்கு மேற்பட்டதைச் சேர்க்க முயன்றால் ஏற்றுக்கொள்ளாது. பின்னர், வேண்டுமென்றே சிறிய அளவில் தொடங்கித் தேவைப்படும்போது நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள விரும்புவோருக்கு இது தடையாக இருப்பது கவனிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. அதன்படி, அந்த எல்லை தொடங்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது. பிறகு ஒருவர் தெரிந்தே சேர்க்கும் நினைவகத்தை அது தடுப்பதில்லை.

இனி, நம் கூடத்துக்குத் திரும்புவோம். எங்கள் கணிப்பொறி ஆசிரியை பதறவில்லை. இயங்குதளம் எழும் முன்னரே தோன்றும் தொடக்க நிரலின் திரையை எங்களுக்குக் காட்டினார்கள். அங்கே மொத்தம் 4,096 மெகாபைட் என்று தெளிவாக இருந்தது. அட்டை நல்ல அட்டைதான்! அடுத்து, தொடக்கக் கட்டளை வரியைப் பார்த்தோம். அதில் ‘மெம்=2ஜி’ என்று இருந்தது. முன்பு படித்த அக்காமார் ஒரு செய்முறைப் பயிற்சிக்காக எழுதி, நீக்க மறந்த வரி அது. வரியை நீக்கி, கணிப்பொறியை மீண்டும் தொடங்கியதும், ஏறத்தாழ 4 ஜிகாபைட் கணக்கில் வந்தது. சிறு பகுதி இயந்திரத்தின் சொந்த வேலைகளுக்குப் போய்விடுவதால் முழு அளவு காட்டப்படுவதில்லை.

தோழியரே, அட்டை வேலை செய்தது என்று மகிழ்ந்த அதே நேரத்தில் எனக்குத் தலை குனிந்தது. அன்று மாலையே அப்பாவுடன் கடைக்குச் சென்று, “அண்ணா, நான் சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அடுத்த முறை எதற்கும் அந்த முதல் திரையைப் பாரும்மா” என்றார்.

ஆகையால், உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ கணிப்பொறிக்குப் புதிய நினைவகம் சேர்த்து அது தெரியாமற்போனால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தொடக்க நிரல் அதைக் காண்கிறதா? இயங்குதளத்துக்கு ஏதேனும் எல்லை சொல்லப்பட்டிருக்கிறதா? ஓடும்போதே சேர்த்ததாயின், அது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை தெரியும் முன் யார்மீதும் பழி சொல்லாதீர்கள். கணக்கில் வரவில்லை என்பதால் ஒரு பொருள் இல்லை என்றாகிவிடாது. கணக்கு எடுத்த விதத்தையும் நாம் ஒரு முறை பார்க்க வேண்டும்.