சொற்களின் யாத்திரை: இரண்டு காசுகள்

சென்ற வாரம் ‘அலமாரி’, ‘சாவி’ முதலிய போர்த்துகீசியச் சொற்கள் நம் வீடுகளுக்குள் வந்து குடியேறிய வரலாற்றைப் பார்த்தோம். இவ்வாரம் எடுத்துக்கொள்ளும் சொல்லோ நம் கரையிலிருந்து போர்த்துகீசியருடைய கப்பலில் ஏறிச் சென்றது.

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘காஷ்’ என்பது நம்முடைய ‘காசு’ என்பதிலிருந்தே பிறந்தது என்ற அபிப்பிராயம் நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, ஆங்கிலேயர் நம்மோடு நெடுங்காலம் வியாபாரம் செய்ததும் உண்மை. ஆதலால் அவ்வாறு எண்ணுவது இயல்பேயாம். ஆயினும் ஆங்கிலப் பேரகராதியைப் பிரித்துப் பார்ப்போமானால், ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘காஷ்’கள் தனித்தனித் தலைச்சொற்களாக நிற்பதையும், அவற்றுள் ஒன்று மாத்திரமே நம்முடையதாக இருப்பதையும், அதுவும் நாம் உரிமை கொண்டாடுகிற அந்தச் சொல் அன்று என்பதையும் காண்போம்.

ரொக்கத்தைக் குறிக்கும் ‘காஷ்’ லத்தீன் வம்சத்தைச் சேர்ந்தது. ‘காப்ஸா’ என்றால் அந்தப் பாஷையில் பெட்டி. அது இத்தாலியரிடம் ‘காஸ்ஸா’ என்றும் பிரெஞ்சுக்காரரிடம் ‘கெஸ்’ என்றும் ஆகிப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்து, முதலில் பணப்பெட்டியையும் பின்னர் அதனுள் இருந்த பணத்தையும் குறிக்கலாயிற்று. நம் இலக்கண நூலார் இதனை இடவாகுபெயர் என்பர். படையிலிருந்து அதிகாரி ஒருவனை நீக்குவதைக் குறிக்கும் ‘காஷியர்’ என்ற வினைச்சொல் இந்தப் பெட்டியோடும் சம்பந்தமில்லாதது. அதற்கு ரத்துச் செய்தல் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் மூலம் உண்டு.

மற்றொரு ‘காஷ்’தான் நம்முடையது. நம் துறைமுகங்களில் ‘காசு’ என்ற பெயரைக் கேட்ட போர்த்துகீசியர், அதனைத் தம் நாவுக்கு இசைய ‘காய்ஷா’ என்று ஆக்கிக்கொண்டனர். அவர்கள் பாஷையில் ‘காய்ஷா’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பெட்டி என்றே பொருள். அதுவும் ‘காப்ஸா’வின் வழித்தோன்றலே. இவ்விதம் எள்ளளவும் உறவில்லாத இரண்டு குலங்கள் லிஸ்பன் மாலுமிகளின் வாயில் ஒரே உருவம் பூண்டன. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய பின், கீழைக் கடல்களில் வழங்கிய சில்லறை நாணயங்களுக்கெல்லாம் அவர்கள் இப்பெயரையே இட்டார்கள். அவர்களைப் பின்தொடர்ந்த ஆங்கிலேயர் அதை ‘காஷ்’ என்றனர். நடுவே சதுரத் துளையுடன் வட்டமாக வார்க்கப்பட்டு, ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றில் கோத்து எண்ணப்பட்ட சீனச் செப்பு நாணயத்தைச் சீனர் ‘ச்யென்’ என்றும் ‘வென்’ என்றும் அழைத்தார்களேயன்றி ‘காஷ்’ என்று அழைத்ததில்லை. நாணயவியல் நூல்களிலோ அது இன்றளவும் ‘காஷ்’ என்றே வழங்குகிறது. சீனத்து நாணயம் ஐரோப்பியர் ஏட்டில் தமிழ்ப் பெயரோடு வாழ்வதைக் காட்டிலும் பெருமை தரக்கூடியது, பொய்யாக ஒரு லத்தீன் பெட்டிக்கு உரிமை கோருவதில் என்ன இருக்கிறது?

சென்னை ராஜதானியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற கணக்கு 1818-இல் ரூபாய் வந்து அமரும் வரையில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இதற்கென்று பர்மிங்ஹாம் நகரில் அடிப்பித்த 1808-ஆம் ஆண்டின் இருபது காசு நாணயத்தைக் கையில் எடுத்தால், ஒரு முகத்தில் கொடி தாங்கிய இரண்டு சிங்கங்களுக்கிடையே கம்பெனியின் சின்னமும், மறுமுகத்தில் இருபது ‘காஸ்’ நான்கு ‘பலூஸ்’ என்று பாரசீக லிபியில் எழுதிய வாசகமும் தெரியும். இந்த நாணயங்களைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் மோதி முழுகிப் போயிற்று. நம் கடைவீதிகளில் புழங்கியிருக்க வேண்டிய காசுகள் 1980-களில்தான் கடலடியிலிருந்து வெளிவந்தன.

காசு அண்டை நாடுகளிலும் பலவாறு வாழ்கிறது. சிங்களத்தில் ‘காசி’ என்றால் பொதுவாக நாணயம். தெலுங்கிலோ ‘காசு’ பொன்னின் நிறைக்கும் பெயர், சுமார் எட்டுக் கிராம். தமிழிலேயே மணி, பொன், குற்றம் என்று பல பொருள்களை நிகண்டுகள் தருகின்றன; வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என வாய்பாடு சொல்லிப் பயின்றவர்களும் இச்சொல்லை அறிவார்கள். ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் வெட்டுவித்த சாஸனங்களில் காசு பொன்னாணயமாக நின்று, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வீதம் வட்டியும் ஈட்டித் தருகிறது.

இச்சொல்லின் ஆதி எது? தஞ்சாவூரில் ஜில்லா நீதிபதியாயிருந்த பர்னலும் யூல் என்பவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி, ‘காய்ஷா’வுக்குத் தமிழ்க் காசையே மூலமாகக் காட்டி, கொங்கணி வடிவம் ஒன்று இடையில் இருந்திருக்கவும் கூடும் என்கிறது, காசுக்கு முன்னே ‘கர்ஷம்’ என்னும் வடமொழி நிறைப்பெயரை வைக்கிறது. முடிவாக அதனை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சங்க நூல்களில் மகளிர் இடையணியில் கோத்த மணியாகவும் பொன்னாகவும் காசு வருகிறது. அங்கே நிறுத்துக் கொடுக்கும் பொருளாக அன்றி, கோத்து அணியும் பொருளாகவே அது நிற்கிறது. கர்ஷத்தின் பக்கத்து நியாயத்தை, கார்ஷாபணம் என்னும் பழைய நாணயம் முதலாக, அடுத்த இதழில் விரிவாக ஆராய்வோம்.