தீர்ப்பு சொல்லாதே, காது கொடு! குடும்பச் சண்டை தீர்க்க 40 மணி நேர பயிற்சி

ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடிப்பார். இரண்டு பக்கமும் கொஞ்சம் கேட்பார். "தப்பு உன் மேலதாம்மா, போய்ச் சேர்ந்து வாழு" என்பார். வழக்கு முடிந்தது!

கோர்ட்டு சமரச மையத்தில் இந்த நாட்டாமை வேலை செல்லாது. அங்கே சமரசம் பேச உட்காருகிறவர், யார் பக்கம் நியாயம் என்று வாய் திறக்கவே கூடாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் பயிற்சி.

சென்னை முதலிடம்

குடும்ப கோர்ட்டு சட்டம் 1984-ல் வந்தது. வழக்கு வந்தால் முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் பேச ஆள் வேண்டுமே!

2005-ல் சென்னை ஐகோர்ட்டில் சமரச மையம் தொடங்கப்பட்டது. கோர்ட்டோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே இதுதான் முதல். அதே ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சமரசத் திட்டக் குழுவை அமைத்தது. சமரசர் ஆக 40 மணி நேர வகுப்பும், 10 உண்மையான வழக்குகளில் பேசிய அனுபவமும் தேவை என்று அந்தக் குழு வகுத்தது.

ஆரஞ்சுப் பழம்

உலகம் முழுவதும் இந்த வகுப்புகளில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அக்காளும் தங்கையும் ஒரே ஆரஞ்சுப் பழத்துக்குச் சண்டை. பாதியாக வெட்டிக் கொடுத்தால் நியாயம் போலத் தெரியும். ஆனால் ஒருத்திக்கு வேண்டியது சாறு. இன்னொருத்திக்கு வேண்டியது தோல்! "எதுக்கும்மா வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இருவருக்கும் வேண்டியது முழுசாகக் கிடைத்திருக்கும்.

வீட்டுச் சண்டையும் அப்படித்தான். "தனிக்குடித்தனம் போகணும்" என்கிறாள் மனைவி. "அம்மாவை விட்டுட்டு வரமாட்டேன்" என்கிறான் கணவன். அவள் கேட்பது தாழ்ப்பாள் போட்ட ஒரு அறையாக இருக்கலாம். அவன் பயம், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்பதாக இருக்கலாம். அதைத் தோண்டி எடுப்பதுதான் சமரசர் வேலை.

மாமியார் வேடம்

வகுப்பில் நடிப்பும் உண்டு. ஒரு வக்கீல் மாமியார் ஆவார், இன்னொருவர் மருமகள், மூன்றாமவர் சமரசர்.

வக்கீல்களுக்குக் குறுக்கு விசாரணை பழகிப்போன ஒன்று. "அன்னிக்கு ராத்திரி அடிச்சீங்களா, இல்லையா?" என்பது கோர்ட்டுக் கேள்வி. "அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்பது சமரசரின் கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை வரும். இரண்டாவதற்கு மனசே வெளியில் வரும்.

"இந்த ஆளு ஒரு பைசா தரமாட்டான்" என்று மனைவி கத்தினால், "மாசம் செலவுக்கு இவ்வளவுன்னு நிச்சயமா தெரியணும்னு நினைக்கறீங்க, இல்லீங்களா?" என்று திருப்பிச் சொல்லப் பழக வேண்டும். சேதி அதேதான், முள் மட்டும் எடுக்கப்பட்டது!

கசியக் கூடாது

இருவரையும் சேர்த்தும் பேசுவார்கள், தனித்தனியாகவும் பேசுவார்கள். தனியாகச் சொன்னதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் அடுத்தவரிடம் விடக்கூடாது. சமரசம் ஏற்படாவிட்டால், நீதிபதிக்குக்கூட 'முடியவில்லை' என்று மட்டுமே எழுத வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

அடி, உதை இருந்தால்?

பயிற்சி இல்லாதவர் வழுக்கி விழும் இடம் இதுதான். அடி வாங்கிய பெண்ணை "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்புவது சமரசம் அல்ல. பயந்து போட்ட கையெழுத்து சம்மதமும் அல்ல. எதிரே கணவன் இருக்கும்போது அவள் வாய் திறக்கிறாளா, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாளா என்று கவனிக்க வேண்டும்.

கணவர் வீட்டுக் கொடுமை வழக்குகளில், தகுந்தவற்றை, இருவரும் சம்மதித்தால் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் இது சட்டத்தின் கடுமையைக் குறைப்பதற்கு அல்ல என்றும் சேர்த்தே சொன்னது.

பிரிந்தாலும் வெற்றி

சேர்த்து வைத்தால்தான் வெற்றி என்று இல்லை. குழந்தை யாரிடம், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில், நகை எப்போது, ஜீவனாம்சம் எவ்வளவு என்று பேசி முடித்து, மரியாதையோடு பிரிவதும் சமரசம்தான். ஒத்து வராவிட்டால் வழக்கு மறுபடி கோர்ட்டுக்குப் போகும். பேசிய பேச்சு யாருக்கும் எதிராகத் திரும்பாது.

வழக்கு நடக்கிறவர்கள் "சமரசத்துக்கு அனுப்புங்க" என்று நீதிபதியிடம் தாங்களே கேட்கலாம்.