மின்னஞ்சல் மென்பொருள் மந்தமாவதும் இணைய மறுப்பதும் ஏன்? பழைய அஞ்சல்களை இழக்காமல் சரிசெய்வது எப்படி?

புதுடெல்லி: கணினியில் இயங்கும் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் திடீரென மந்தமாவதும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் இணைய மறுப்பதும் பல அலுவலகங்களில் அடிக்கடி எழும் சிக்கல்கள். காரணம் அறியாமல் கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பவர்கள், பல ஆண்டு அஞ்சல்களை நிரந்தரமாக இழக்க நேரிடலாம்.

கடவுச்சொல் ஏற்கப்படாதது ஏன்?

பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை மட்டும் கொண்டு உள்நுழையும் பழைய முறையைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டுள்ளன. கூகுள் நிறுவனம் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே 30 முதல் இம்முறையை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் இது 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்தப்பட்டது. இதற்கு மாற்றாக வந்துள்ள ‘ஓஆத்’ முறையில், நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் தனியே திறந்து அனுமதி கேட்கும். அவுட்லுக் 2010 போன்ற பழைய பதிப்புகளில் இவ்வசதி இல்லை.

மென்பொருளைப் புதுப்பிப்பதே இதற்கு நிலையான தீர்வு. அது இயலாத ஜிமெயில் பயனர்கள், இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட ‘செயலிக் கடவுச்சொல்’ பெற்றுப் பயன்படுத்தலாம்.

இணைப்பு சரியாக இருந்தும் புதிய அஞ்சல் வரவில்லையெனில் சேமிப்பிடத்தைப் பார்க்க வேண்டும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபி இலவச இடம் வழங்கப்படுகிறது. அது நிரம்பினால் அஞ்சல் வருவது நின்றுவிடும்.

மந்தமாவது ஏன்?

அவுட்லுக் அஞ்சல்களைக் கணினியில் ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. 2010 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளில் அதன் இயல்பான உச்ச அளவு 50 ஜிபி. கோப்பு பெருக்கப் பெருக்க வேகம் குறையும். துணைச் செயலிகளும் வேகத்தைக் கெடுக்கக்கூடும். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி வழக்கமான அவுட்லுக்கைத் திறந்தால், அவை இல்லாத ‘சேஃப் மோட்’ நிலையில் இயக்கலாம். அப்போது வேகம் கூடினால், துணைச் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் காரணத்தைக் கண்டறியலாம்.

தண்டர்பேர்டில் அழித்த அஞ்சல்கள் உடனே வட்டிலிருந்து நீங்குவதில்லை. ‘காம்பாக்ட்’ கட்டளையை இயக்கிய பின்னரே அந்த இடம் விடுபடும்.

நீக்கும் முன் கவனம்

‘ஐமேப்’ முறையில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும் என்பதால் கணக்கை மீண்டும் சேர்த்தால் அவை திரும்பக் கிடைக்கும். ‘பாப்’ முறையில் அஞ்சல்கள் கணினிக்கு இறங்கியபின் சர்வரிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். எனவே மென்பொருளை மூடிவிட்டு, அஞ்சல் கோப்பை வேறொரு வட்டில் நகலெடுத்த பின்னரே மாற்றங்களைச் செய்ய வேண்டும்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை நம்பிக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதிப்பது ஆபத்தானது. இவ்வாறு பணத்தை இழந்தவர்கள் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனடியாகத் தொடர்புகொள்ளலாம்.