மாவுக்கட்டுக்கு முன்னால் நாடி

என்னிடம் வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். நான் கைக்கான பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் கும்பகோணம், வேலை புனேயின் பாணேரில். தையல் பிரித்த கையை மேஜைமேல் வைத்து "விரலை நீட்டுங்க" என்பேன். விரல்கள் தடையில்லாமல் நீண்டால், அடிபட்ட முதல் சில மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் அந்த மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்திருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கை உடைந்தால் எல்லோரும் எலும்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எக்ஸ்ரேயைப் படம் பிடித்து ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது. ஆனால் முழங்கையை ஒட்டிய முறிவிலும் ஆழமான கண்ணாடி வெட்டிலும் கை பிழைக்குமா என்பதை அந்தத் தெரியாத குழாய்தான் முதலில் முடிவு செய்கிறது.

மருத்துவர்கள் அதைப் பிரேக்கியல் தமனி என்பார்கள். அக்குளைத் தாண்டியதும் தொடங்கி, மேற்கையின் உட்புறமாக பைசெப்ஸ் தசையின் ஓரத்தோடு இறங்கி, முழங்கை மடிப்பின் முன்பக்கம் வந்து, அதற்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரல் பக்கம் போவது ரேடியல்; மணிக்கட்டில் நாம் நாடி பார்ப்பது அதில்தான். சுண்டுவிரல் பக்கம் போவது அல்னார். வழி நெடுக மீடியன் என்ற பெரிய நரம்பு தமனியை ஒட்டியே வருகிறது. ஒன்றுக்கு அடிபட்டால் மற்றதையும் சந்தேகிக்க வேண்டும்.

இப்போதே தொட்டுப் பாருங்கள். கையை நீட்டி உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். முழங்கை மடிப்பில் பைசெப்ஸின் தசைநாண் கெட்டியாகத் தட்டுப்படும். அதற்கு உட்பக்கம், உடலை ஒட்டிய பக்கம், இரண்டு விரலை அழுத்தி வைத்தால் துடிப்பு தெரியும். பிபி பார்க்கும்போது பட்டை இறுக்குவது இந்தத் தமனியைத்தான். ஸ்டெத்தில் டாக்டர் கேட்கும் அந்த ஒலிக்கு நிக்கோலாய் கொரோட்காஃப் என்ற ரஷ்ய அறுவை மருத்துவரின் பெயர். ரஷ்ய-ஜப்பானியப் போரில் தமனி அறுபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்தவர் அவர். ஒரு தமனியைக் கட்டிவிட்டால் மற்ற கிளைகள் அந்த உறுப்பைக் காப்பாற்றுமா என்பதை முன்கூட்டியே அறியத் தமனிகள்மேல் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 1905-ல் அந்த ஒலிகளை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விவரித்தார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் பிபி பரிசோதனை, காயம்பட்ட கைகால்களைக் காப்பாற்றும் கவலையில் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அவர் தேடிய கிளைகள் முழங்கையைச் சுற்றி நிறைய உண்டு. எங்கள் ஊரில் தேரோட்டத்தன்று பெரிய வீதியை அடைத்தால் சனம் சந்துகளில் புகுந்து அடுத்த பக்கம் போய்விடும். முழங்கையிலும் ரத்தம் அப்படித்தான் சுற்றிப் போகும். அந்தச் சுற்றுவழிகளில் முக்கியமான ஆழ்கிளை மேற்கையின் மேல்பகுதியிலேயே பிரிந்துவிடுகிறது. அதற்கு மேலே தமனி அறுந்தால் ஆபத்து மிக அதிகம், கீழே அறுந்தால் கொஞ்சம் குறைவு. இதைக் கண்டுபிடிக்க ஒரு பெரும் போர் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களின் 2,471 தமனிக் காயங்களை மைக்கேல் டிபேக்கியும் ஃபியொரிண்டோ சிமியோனும் 1946-ல் ஆராய்ந்து எழுதினார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு உறுப்பே போயிருந்தது. கைத்தமனியில் ஆழ்கிளைக்கு மேலே காயம்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கையை இழந்தார்கள். கீழே காயம்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அந்தப் போர்க்களங்களில் தமனியைக் கட்டி ரத்தத்தை நிறுத்துவதுதான் வழக்கம். தைத்துச் சேர்ப்பது அபூர்வம். இந்திய வீரர்களும் உறுப்பிழந்து திரும்பிக்கொண்டிருந்த 1944-ல்தான் இங்கே புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. இன்றும் அது இயங்குகிறது. கொரியப் போரில் தமனியைத் தைக்கத் தொடங்கியதும் உறுப்பிழப்பு நூற்றுக்கு 13 என்ற அளவுக்கு இறங்கியது.

தைக்க முடியும் என்பது அதற்கும் வெகு முன்பே தெரிந்த விஷயம். பதிவாகியுள்ள முதல் தமனிப் பழுதுபார்ப்பு இதே பிரேக்கியல் தமனியில்தான். 1759-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், நோய்க்காக ரத்தம் வடிக்கும்போது தமனியில் விழுந்த வெட்டை ஹாலோவெல் என்பவர் ஒரு ஊசியைக் குறுக்கே செருகி நூல் சுற்றி மூடினார். கை பிழைத்தது. அதன்பின் அலெக்சி காரல் என்ற பிரெஞ்சு மருத்துவர், லியோன் நகரின் பூத்தையல்காரப் பெண்மணி ஒருவரிடம் நுண்தையல் கற்று, ரத்தக்குழாய்களை முனையோடு முனை சேர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பூத்தையல்காரப் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

பாணேரில் நான் பார்க்கும் காயங்களுக்கு வருவோம். அடுக்குமாடி சொசைட்டிகளில் குழந்தைகள் ஏணிக்கம்பியிலிருந்தும் சறுக்குமரத்திலிருந்தும் கையை ஊன்றி விழுகிறார்கள். ஐந்து முதல் ஏழு வயதில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெல்லிய தகடாக இருக்கும். அது முறிந்தால் மேல்துண்டின் கூர்முனை முன்னால் பாய்ந்து தமனியையும் மீடியன் நரம்பையும் இழுத்துப் பிடிக்கும், சிலசமயம் கிழிக்கும். பெரியவர்களுக்கு வண்டி விபத்து, உடைந்த குளியலறைக் கண்ணாடி. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: முழுக்க அறுந்த தமனி சுருங்கி உள்ளிழுத்துக்கொண்டு சில நேரம் தானே ரத்தத்தை அடக்கிவிடும். பாதி அறுந்தது சுருங்க முடியாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். காயம் சின்னதுதானே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி என்னிடம் ஆற்றாமையோடு சொன்னார்: "ஏம்மா, நம்ம பக்கமா இருந்தா புத்தூர் கட்டு போட்டுட்டு வந்திருப்போமே. இங்க கம்பியெல்லாம் வெச்சு குத்திட்டாங்க."

"எலும்பு கூடியிருக்கும் பாட்டி, அதுல எனக்குச் சந்தேகமில்ல. விரல் வந்திருக்குமான்னுதான் கேக்கறேன்" என்றேன்.

புத்தூர் கட்டுபோல மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, மகாராஷ்டிரத்திலும் உண்டு. வீக்கம் கூடக்கூட கட்டு இறுகும். உள்ளே தசை ரத்தமில்லாமல் சாகும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டும் இறுக்கமானால் இதையே செய்யும். யார் கட்டினார்கள் என்பதைவிட, கட்டிய பிறகு யார் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

செத்த தசை நாராகிச் சுருங்குவதை 1881-ல் ரிச்சர்ட் ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. அந்தக் கை என் மேஜைக்கு வந்தால் பார்த்ததும் தெரியும். மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் கொஞ்சம் விரியும். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். பென்சில் பிடிக்கத் தெரிந்த குழந்தை மறுபடி ஒவ்வொன்றாகக் கற்க வேண்டும். தசைகளை இடம் மாற்றும் அறுவை உண்டு, பல மாதப் பயிற்சி உண்டு. பழைய கை திரும்புவதில்லை. நான் இந்தக் கட்டுரை எழுதுவதே அந்தக் குழந்தைகளுக்காகத்தான்.

ஆகவே பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கட்டு போட்ட பிறகு வலி குறைய வேண்டும். ஏறிக்கொண்டே போனால், விரலை நீங்கள் மெல்ல நீட்டிவிடும்போது குழந்தை அலறினால், விரல் மரத்தால், வெளிறினால், உடனே கட்டைத் தளர்த்தச் சொல்லி மருத்துவமனைக்கு ஓடுங்கள்; நள்ளிரவானாலும் சரி. நாடி கிடைக்கிறதே என்று ஏமாறக் கூடாது. தசையின் உள்ளழுத்தம் ஏறும்போதும் மணிக்கட்டில் நாடி துடிக்கலாம்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, முழு பலத்தோடு, விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்தெடுத்துப் பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்காமல் அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். அழுத்தியும் அடங்காவிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான துணியை ஒரு குச்சி வைத்து ரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டுங்கள், கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறும் கம்பியும் நரம்பை நசுக்கும்.

மருத்துவமனையில் நடப்பது இது. குழந்தையின் கை வெளிறி நாடியும் இல்லையென்றால் தாமதிக்க மாட்டார்கள். எலும்பை நேராக்கிக் கம்பி வைத்ததுமே பல கைகளில் நாடி திரும்பிவிடும். திரும்பாமல் கை வெளிறியே இருந்தால் தமனியைத் திறந்து பார்ப்பார்கள். நாடி இல்லாவிட்டாலும் கை இளஞ்சிவப்பாகச் சூடாக இருந்தால், சுற்றுவழிகள் வேலை செய்கின்றன என்று உன்னிப்பாகக் கண்காணிப்பதும் உண்டு. அறுந்த தமனியில் நசுங்கிய முனைகளை வெட்டிச் சீராக்கி, நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயால் உறைந்த ரத்தத்தை இழுத்தெடுத்து, எட்டினால் முனையோடு முனை தைப்பார்கள். எட்டாவிட்டால் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இடையில் வைப்பார்கள். சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். ரத்தம் திரும்பியதும் தசை வீங்கும். அதனால் தேவைப்பட்டால் முன்கையின் தோலையும் தசையுறையையும் நீளமாகத் திறந்து சில நாள் அப்படியே விடுவார்கள். பார்க்கும் உறவினர்கள் பயந்துபோகிறார்கள். விரல்களைக் காப்பாற்றுவது அந்த வெட்டுதான்.

தசைக்கு ரத்தமில்லாமல் சுமார் ஆறு மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. நொறுங்கிய கையில் அதுவும் கிடைக்காது. நரம்பு அறுந்திருந்தால் பொறுமை வேறு விதம்: தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உணர்ச்சி வந்து சேர ஒரு வருடத்துக்கும் மேலாகலாம். அதுவரை மூட்டு இறுகாமல் தினமும் விரலை அசைத்து வைப்பது என் வேலை.

மெட்ரோ தூண்கள் எழுந்த வருடங்களில் பாணேர் சாலையில் மாலை நேரம் வண்டி நகராது. அந்த நெரிசலில் ஒரு மருத்துவமனைக்குப் போய், "இங்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இல்லை" என்று கேட்டு இன்னொன்றுக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். 108-ஐ அழைக்கும்போதே "கையில் நாடி இல்லை" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் எந்த மருத்துவமனையில் இரவிலும் ரத்தக்குழாய் அறுவை நடக்கும் என்று இந்த வாரமே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை விளையாட்டுத் திடலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி உங்கள் சொசைட்டிக் கூட்டத்தில் கேளுங்கள்.